பதினேழு தலைகளும் மூன்று பாறைகளும்

கொடைக்கானலுக்கு ஆள் கூட்டிப் போகிறவளுக்குக் கொடைக்கானலில் நன்றாகத் தெரிந்த ஒரே இடம், வேன் நிற்கிற இடம்தான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். டூர் வண்டிகளுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நாமே ஏன் வண்டி விடக்கூடாது என்று தோன்றி, ஸ்ரீரங்கத்திலிருந்து எட்டு வருடமாக வேன் எடுக்கிறேன். ஏரி, பூங்கா, பைன் காடு, தூண் பாறை என்று நோட்டீஸில் நான் போடுகிற வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தூண் பாறையை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை பனிமூட்டம் மறைத்துவிடும். இன்னொருமுறை யாராவது வாந்தி எடுத்து, நான் அவர்களோடு வேனில் உட்கார்ந்திருப்பேன். பனி இல்லாமல், வாந்தியும் இல்லாமல் இருந்த ஒரு தடவை கழிப்பறைக்குப் போன ஒருவரைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். நாலு பேரை வெளியூருக்குக் கூட்டிப் போய், மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்று தேடி அலைந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன சித்திரையில் கிளம்பும்போதே டிரைவர் முருகேசனிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை பாறையைப் பார்க்காமல் மலை இறங்குவதாக இல்லை என்று.

குளிருக்கு முன்னேற்பாடு

பயணிகள் பதினேழு பேர். கடைசியாக ஏறியவர் மருங்காபுரிப் பக்கத்து விவசாயி பாப்பாத்தி. திருச்சியில் இருக்கிற மகள் சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள். காலை ஐந்து மணிக்கே புழுக்கம். முருகேசன் பனியனோடு நின்று கண்ணாடி துடைக்கிறான். பாப்பாத்தியோ கழுத்துவரை பித்தான் போட்ட கம்பளி ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. திண்டுக்கல் தாண்டும்போது முகமெல்லாம் வியர்வை வழிகிறது. எனக்கு மயக்கம் கியக்கம் வந்துவிடுமோ என்று பயம். மலை ஏறுகிறவரை கழற்றி வைக்கலாமே என்றேன், விசிறியும் கொடுத்தேன். விசிறியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஸ்வெட்டரு அக்கா இது. ரெண்டு நாளுக்குத்தான் குடுத்திருக்காங்க, போட்டுக்கிட்டாத்தானே கணக்கு."

தரையில் கிடந்த மேகம்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் என் வேலை எலுமிச்சம்பழமும் பாலிதீன் அல்லாத பையும் எடுத்துக்கொண்டு சீட்டு சீட்டாகப் போவது. திருவெறும்பூரிலிருந்து வந்திருந்த சபாபதி சார், தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு வளைவையும் எண்ணி டைரியில் குறித்துக்கொண்டே வந்தார். நாம் இருபது நிமிஷம் பின்தங்கியிருக்கிறோம் என்று எனக்குத் தகவல் வேறு. எனக்கு அது தெரியாதா? மூன்று மணிக்கு ஏரி, ஒரு மணி நேரம் கழித்துத் தூண் பாறை என்று நானும் மனசுக்குள் கடிகார முள்ளை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளி அருவிக்கு மேலே ஒரு திருப்பத்தில் மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்துவிட்டது. வண்டிக்குள் ஒரே கூச்சல். ஜன்னலைத் திற என்று பாதிப் பேர், மூடு என்று பாதிப் பேர். எனக்கு மட்டும் வேறு கவலை. மேலே இப்படியே மூடிக்கிடந்தால் என் பாறை என்ன ஆவது? பாப்பாத்தி கையை வெளியே நீட்டி, ஈரமான உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஊர்க்காரர்கள் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே கடலை போடுகிறவர்கள்.

"இம்புட்டு மேகம் இங்க சும்மா தரையில கெடக்குது. ஒரு நாளு எங்க பக்கம் வந்துட்டுப் போனா என்ன கொறைஞ்சா போயிரும்?"

ஏரியை வலம் வந்தவர்கள்

நல்ல காலம், ஏரிக்கு வந்தபோது வெயில் அடித்தது. தண்ணீர் பளபளவென்று கிடந்தது. பெடல் படகில் ஏறிய சபாபதி சார் ஒரே இடத்தில் ஏழு சுற்றுச் சுற்றினார். கரையில் நின்று சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. நடக்க ஆசைப்பட்டவர்களிடம், கொஞ்ச தூரம் போய் சோளம் சுடுகிற கடையோடு திரும்பிவிடுங்கள், நாலு மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

நாலு மணிக்கு எண்ணினால் பதினைந்து. ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்த ராகவன் மாமாவையும் மாமியையும் காணோம். மாமியின் போன் வேனில் பைக்குள் அடிக்கிறது. மாமா போனே வைத்துக்கொள்கிறவர் இல்லை. தண்ணீரைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், சோளக் கடைக்கு ஓடினேன். சோளக் கடைக்காரர், அவர்கள் திரும்பாமல் நேராகப் போனதாகச் சொன்னார். வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்தேன். எட்டாவது படிக்கும்போது ஓட்டியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். முதலில் சைக்கிள் ஆடியது, பிறகு பயம் போய்விட்டது. யூகலிப்டஸ் வாசனையும் குளிர்காற்றும் முகத்தில் அடிக்க, குதிரைகளை எல்லாம் தாண்டிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு ஐந்து நிமிஷம் யாரைத் தேடுகிறேன் என்பதே மறந்துபோய்விட்டது.

ஏரியின் அந்தக் கோடியில் இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். ஏரி வலப்பக்கமாக வருகிற மாதிரி நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படிச் சுற்ற ஆரம்பித்தால் பாதியில் திரும்பக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். மொத்தம் ஐந்து கிலோமீட்டர். நான் மூச்சு வாங்கி நின்றேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமிதான் பேசினார்.

"வலமா ஆரம்பிச்சாச்சு, நிறுத்தப்படாதுன்னுட்டார். பாதி தூரம் வந்தப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சது வசந்தா, உள்ள பெருமாள் இல்லையேன்னு."

பார்த்தது போதும்

அவர்கள் வலம் முடித்துப் படகுத்துறைக்கு வந்தபோது மணி ஐந்தரை. பனி மூடிவிட்டது. அன்றைக்குத் தூண் பாறை போச்சு. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் மலை இறங்கினால்தான் இருட்டுவதற்குள் திருச்சி. காலையில் மட்டும் ஒரு வாய்ப்பு. பைன் காட்டை இரண்டாவதாக வைத்துவிட்டு, முதல் ஆளாகத் தூண் பாறைக்குப் போய் நின்றோம்.

கம்பித் தடுப்புக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. கேரட்டில் மிளகாய்ப்பொடி தடவிச் சாப்பிட்டோம். மறுபடி சாப்பிட்டோம். மாமா மட்டும் எதையும் வாங்காமல் தடுப்பைப் பிடித்தபடி நின்றார். நேற்றுத் தாமதம் தன்னால்தான் என்று அவருக்கு உறுத்தல் என மாமி என் காதில் சொன்னார். பத்து நிமிஷம் என்றது அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. முருகேசன் ஹாரன் அடித்தான். அங்கே போட்டோ எடுக்கிறவர் ஒருவர், வெயில் நாளில் பிடித்த தூண் பாறைப் படத்தை அட்டையில் மாட்டி வைத்திருந்தார். சபாபதி சார் அதை உற்றுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்து, டைரியில் ஒரு டிக் போட்டார்.

"உயரம், அகலம் எல்லாம் தெளிவா இருக்கும்மா. பாத்தாச்சுன்னு எழுதிட்டேன், கிளம்பலாம்."

எண்ணிக்கை

அந்த வெள்ளையை இன்னொரு தடவை பார்த்தேன். எட்டு வருடம். ஆனாலும் பதினேழு பேர் வீடு போய்ச் சேர வேண்டும். கிளம்பலாம் என்று கையைத் தட்டினேன். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, தடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வரை வந்திருப்பேன். மாமியின் வாய் திறந்தது. சபாபதி சார் கையிலிருந்து டைரி விழுந்தது. வரிசை கலைந்து என்னை நோக்கி வருகிறது. ஒரு நிமிஷம் நில்லுங்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று கத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, யாரோ விழுந்துவிட்டார்களோ என்றுதான் பதறினேன். பாப்பாத்தி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து, கல் உரலைத் திருப்புவது போல அப்படியே திருப்பி நிறுத்தினார்.

வெள்ளை பிளந்திருந்தது. அதற்குள்ளிருந்து பாறை எழுந்து நின்றது. ஈரத்தில் கறுத்து, மேலே வெயில் பட்டு, கீழே எங்கே முடிகிறது என்று தெரியாத உயரம். பக்கத்தில் இன்னொன்று. பனி விலக விலக, மூன்றாவது. என் கை தானாகவே நீண்டு ஒவ்வொன்றாகச் சுட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. வாய்விட்டுத்தான் எண்ணியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்ததைக் குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். மாமா நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டு நிமிஷம் இருந்திருக்கும், ஓரத்திலிருந்து பனி மறுபடி கட்ட ஆரம்பித்தது. கடைசிப் பாறையும் மறைகிறவரை எல்லோரும் தடுப்பைப் பிடித்தபடி நின்றோம். பாப்பாத்தி குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"எண்ணிக்கை சரியா இருக்காக்கா? இல்ல, ஒண்ணு கொறையுதுன்னு சைக்கிள் எடுக்கப் போறீங்களா?"

இந்த எட்டு வருடத்தில் தலையை எண்ணாமல் நான் வண்டி எடுக்கச் சொன்னது அன்று ஒரு நாள்தான், யாருமே தொலையாமல் திருச்சி வந்து சேர்ந்ததும் அன்று ஒரு நாள்தான்.