மூலை வீட்டுப் பக்கம்

சித்தூரில் எங்கள் தெருவுக்கென்று ஒரு படப் புத்தகம் இருந்தது. சொன்னால் இங்கே திருப்பதியில் யாரும் நம்புவதில்லை. திருப்பதியில் அச்சாகிற படமெல்லாம் மலையும் கோபுரமும்தான். வெல்ல வண்டி போகிற ஒரு சாதாரணத் தெருவுக்கு யார் புத்தகம் போடுவார்கள் என்று கேட்பார்கள். எங்களுக்குப் போட்டார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பட்டணத்திலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். நன்றாகப் படம் போடுவார். எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் கப்பலும் கடலும் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கடலைப் பார்க்காத பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பார்த்தே எழுத்துக் கற்கட்டும் என்றாராம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் தெரு, பதினான்கு வீடு. வீட்டுக்கு ஒரு பக்கம். சனிக்கிழமை காலை டீச்சர் வந்து படம் போடுவார் என்று சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள்.

மூலை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் தவழும்போதே நைனா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர் போதகர் ஒருவர்தான், வருஷத்தில் இரண்டு தடவை, ஜெபம் பண்ண. அன்றைக்கு அம்மா தரையை மெழுகிப் பாய் விரிப்பாள். முக்காலியில் வெள்ளைத் துணி போட்டு வேதப்புத்தகத்தை வைப்பாள். புழுதியும் கோழியும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்திருப்போம். போதகர் கதவைத் தட்டி, ‘சமாதானம்’ என்று சொன்ன பிறகுதான் எழுந்து திறப்பாள். வாசலில் நின்று வருகிறவரை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம்.

படம் போட வருகிறவருக்கும் அம்மா அதே முறையைச் செய்தாள். எனக்குக் கிறிஸ்துமஸ் பாவாடை, தலை நிறைய எண்ணெய். முக்காலிக்குப் பக்கத்தில் மூடி வைத்த வெல்லக் காப்பி. தெருப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் வாசலில் நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. அம்மா என் முதுகை நிமிர்த்திவிட்டாள். யாரும் தட்டவில்லை. காலடி நகர்ந்தது.

“போய்க்கினு இருக்காங்கம்மா.”

“திரும்பி வருவாங்க. நேரா உக்காரு.”

மத்தியானம் அந்தக் காப்பியை நான்தான் குடித்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்னால் பட்டணத்தில் அச்சாகிப் புத்தகம் வந்தது. அட்டையில் முழுத் தெருவும், சர்ச் மணிக்கூண்டும், மாமரமும் இருந்தன. தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. நகரியில் பெண் கொடுத்தவர்கள் ஆள் மூலம் அங்கே ஒரு பிரதி அனுப்பினார்கள். கிணற்றடி வீட்டுக்காரர் மட்டும், தன் மூக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்குப் போட்டுவிட்டதாக ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் புத்தகத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சுவர் இருந்தது, சாத்திய கதவு இருந்தது, யார் வீட்டுக் கோழியோ ஒன்று இருந்தது. கீழே மூன்று வரி. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘இது மூலை வீடு. கதவு சாத்தியிருக்கிறது. இங்கே யாரும் இல்லை.’

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கதவின் மேல் விரலை வைத்து, “இன்னா போட்டிருக்குது, படி” என்றாள்.

நான் படித்தேன். “இது மூலை வீடு. இங்கே அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். வீடு சுத்தமாக இருக்கிறது.”

“சுத்தமா இருக்குதுன்னா போட்டிருக்குது?”

ஆமாம் என்றேன். அவள் புத்தகத்தைத் துணியில் சுற்றி வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று, அவரவர் வீட்டுப் பக்கத்தை அவரவர் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். என் முறை வந்தது. அம்மாவுக்குப் படித்ததையே படித்தேன். வகுப்பு சிரித்தது. பார்த்துப் படி என்றார் டீச்சர். மறுபடியும் அதையே படித்தேன். இந்தப் பெண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை, எதையோ ஒப்பிக்கிறது, இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் தெலுங்கில் சொன்னார்.

சாயந்திரம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் அப்படிப் படித்தாய் என்று கேட்டார். படம் போட்ட அன்றைக்கு உள்ளேதான் இருந்தோம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பென்சிலை எடுத்து, வாசலில் உன்னைப் போட்டுவிடுகிறேன், புத்தகத்தைக் கொடு என்றார்.

“நான் வாசல்ல நிக்கல டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா திட்டினாள், அடித்தாள், பிறகு தன்னோடு ஆஸ்பத்திரிக்குத் துணி அலச அழைத்துப் போனாள். ஏன் போகவில்லை என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் மூன்று வரியையும் சொல்ல வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எங்கள் கதவைத் தாண்டும்போதெல்லாம், ‘இங்கே யாரும் இல்லை’ என்று கூட்டமாகப் பாடிவிட்டு ஓடுவார்கள். உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் என்னவென்று அம்மா கேட்பாள். அதனால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

பதினெட்டு வயதில் திருப்பதியில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, ரயிலோடு போய்விடுவார், பக்கத்தில் எல்லாம் தெலுங்குப் பேச்சு. மாம்பழக் காலத்தில் ஒரு தடவை அம்மாவைப் பார்க்கச் சித்தூர் போயிருந்தேன். இரண்டு பேரும் ஊறுகாய்க்கு மாங்காய் அரிந்துகொண்டிருந்தோம். வேறு புதுப் பிள்ளைகள், அதே புத்தகத்தில் படிக்கிறவர்கள், வெளியே பாடிக்கொண்டு போனார்கள். என் கை நின்றுவிட்டது.

அம்மா தலை நிமிரவில்லை. “அதுங்க அப்பிடித்தான் படிக்கும். நீ படிச்சதுதான் நல்லா இருந்திச்சி” என்றாள்.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

“மறுநாளே. இன்னொரு தபா கேக்கணும்னு ஆசையா இருந்திச்சி. ஆஸ்பத்திரியில நர்ஸம்மாகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன்.”

அப்படியானால் வந்தவர்களுக்கெல்லாம் ஏன் காட்டினாய் என்றேன். வீடு நம்ப வீடுதானே என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அந்த மூன்று வரிதான் காரணம் என்று தெரிந்துதான் அடித்தாளா, தெரியாமல் அடித்தாளா? நான் கேட்கவில்லை. கூடையில் பாதி மாங்காய் மீதி இருந்தது. அதை அரிந்து முடித்தோம்.