திங்கட்கிழமை பேய்க்கு லீவு

அமெரிக்கப் பேய்களைப் போலச் சோம்பேறிப் பேய்களை நான் எங்கும் கண்டதில்லை. காலை பத்து மணிக்கு வேலை தொடங்கி, பின்னேரம் நாலு மணிக்கு முடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை லீவு. நத்தார் பண்டிகைக்கும் லீவு. வாசலில் பெரிய எழுத்தில் அறிவித்தல் போட்டிருப்பார்கள். இந்தப் பேய்களைப் பார்ப்பதற்காகத் தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் நான் ரொறன்ரோவிலிருந்து வான் ஓட்டியிருக்கிறேன். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வீடு, பென்சில்வேனியாவில் மூடிக் கிடந்த ஒரு மறியற்சாலை, ஒஹாயோவில் ஒரு ஹோட்டல், கடைசியாக மசாசூசெட்ஸ் கடற்கரையில் ஒரு கப்பல்காரனின் வீடு. ஒன்றிலும் ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

போனது அக்காவுக்காக. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஊரில் சண்டை மூண்டிருந்த நாளில், கொழும்புக்குப் போகிற பஸ்ஸைத் துவக்கோடு நின்றவர்கள் மறித்து, அதிலிருந்த ஆம்பிளைகளில் சிலரை இறக்கினார்கள். அத்தான் அதில் ஒருவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. பிள்ளைகளும் இல்லை. நான் ஸ்பொன்சர் பண்ணி அக்காவைக் கூப்பிட்டேன். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்து இருந்தாள். பிஸ்கற் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகும்போதும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் போவாள்.

அந்தக் குங்குமம் பிக்கரிங்கில் புதுவீடு வாங்கியிருந்த எங்கள் சித்தியின் கண்ணைக் குத்தியது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, எந்தக் கொண்டாட்டம் என்றாலும் என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவா.

“தம்பி, ஐயரோடை கதைச்சனான். உடம்பு கிடைக்காட்டிலும் செய்யலாமாம். தர்ப்பைப்புல்லிலை ஆளைச் செய்து எரிச்சுப்போட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் முடிச்சு விட்டால் சரி. இன்னும் எத்தினை வருசத்துக்கு அவள் உப்பிடியே திரியிறது? சனம் கதைக்குது.”

வாயில் பாதி ரோல்ஸ் இருக்கும். இந்தச் சனம் எப்போதுதான் கதைக்கவில்லை? கதைக்கிற சனத்துக்காக ஒரு மனிசனைப் புல்லில் கட்டி எரிக்கச் சொல்லுகிற மனிசியை என்னவென்று சொல்வது?

அக்கா அமைதியாகத்தான் பதில் சொன்னாள். “செத்தவை ஒருக்காலெண்டாலும் வந்து காட்டுவினம் எண்டுதானே சொல்லுறவை. அவர் எனக்குக் கனவிலைகூட வரேல்லை. வந்தால் செய்யிறன்.”

இதிலே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அத்தான் செத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜேர்மனியிலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அத்தானோடு ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தவராம். “அண்ணை என்ரை மடியிலைதான் போனவர், தம்பி. பிடிச்சு ரெண்டாம் மாதம். நீங்கள்தான் அக்காவுக்குச் சொல்லவேணும்” என்றார். ஓம், சொல்லுறன் என்று சொல்லி வைத்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. தைப்பொங்கல் முடியட்டும் என்றேன். அவளின் சிற்றிசன்ஷிப் சோதனை முடியட்டும் என்றேன். பிறகு, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வந்தது. அது வந்தபிறகு ஒவ்வொரு நாளும் பிந்திக்கொண்டே போனது. பயந்தாங்கொள்ளி என்றால் அது நான்தான். பேய்க்குப் பயப்படாத பயந்தாங்கொள்ளி.

கனடியப் பாஸ்போட் கைக்கு வந்த அடுத்த கிழமை அக்கா கேட்டாள்.

“ரீவியிலை காட்டினவங்கள், அமெரிக்காவிலை ஒரு வீடாம், செத்த மனிசி கதிரையிலை வந்து இருக்கிறாவாம். ஒருக்கா கூட்டிக்கொண்டு போறியே?”

“விசரே உனக்கு?”

“நீ மட்டும் வா. உன்ரை மனிசி பிள்ளையள் வேண்டாம். பிள்ளையள் பயந்துபோங்கள்.”

எல்லையில் நின்ற அதிகாரி, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டான். பேய் பார்க்க என்றேன். உண்மை சொன்ன குற்றத்துக்கு வானை ஓரங்கட்டச் சொல்லி, சீற்றைக் கழற்றாத குறையாகச் சோதித்தான். அந்த வீட்டில் கதிரை உண்மையாகவே ஆடியது. அதன் காலில் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் கட்டியிருந்ததும் உண்மை. “இப்போது திடீரென்று ஒரு குளிரை உணர்வீர்கள்” என்று வழிகாட்டி சொன்ன இடத்தில் ஏசி காற்று வருகிற துவாரம் இருந்தது. கூட வந்த வெள்ளைக்காரர்கள் ஐயோ ஐயோ என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பயத்தைத் தேடி அலைகிற ஒரு சனத்தை நான் அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். எங்களிடம் கேட்டிருந்தால் இலவசமாகவே கொடுத்திருப்போம். வாசலில் ஒரு கடை. அங்கே பேய்ப் படம் போட்ட ரீசேட், பேய்ப் படம் போட்ட கோப்பை.

பென்சில்வேனியா மறியற்சாலை இன்னும் கேவலம். ஒரு தகப்பன் தன் பெண்சாதியைக் கம்பிக்கூட்டுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, அவள் கத்தக் கத்தப் படம் பிடித்தான். பிள்ளைகள் கைதட்டின. ஊரில் முகாமில் அடைபட்டுக் கிடந்த ஒருவரிடம் கொண்டுபோய் இதைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா அடுத்த அறையின் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இதுக்குள்ளை கிடந்தவைக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுத்திருப்பாங்களோ?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், “உந்த விசர்க்கதையை விட்டிட்டு வா, போர்டரிலை லைன் கூடப்போகுது” என்று அதட்டினேன். திரும்பி வரும் வழி முழுக்க அமெரிக்கரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். பவலோ நகரத்தைத் தாண்டும்போது ஒருதரம் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒஹாயோ ஹோட்டலுக்குப் போனபோது ஒரு பார்சலோடு வந்தாள். தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். எங்களுக்குச் சாப்பாடு என்று நினைத்தேன். மூன்றாம் மாடியில், யாரோ ஒரு பயணி செத்து இன்னும் உலாவுகிறானாம் என்று காட்டிய அறைக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக அதை விரித்து வைத்தாள்.

“அக்கா, என்ன உது?”

“படைக்கிறன். பாவம், பெத்ததுகள் கட்டினதுகள் ஒருத்தரும் அந்தாளுக்கு ஒண்டும் செய்யேல்லைப் போல. பசியிலைதான் அலையுது.”

நூறு வருடமாக இறைச்சி மட்டும் தின்ற வெள்ளைக்காரப் பேய்க்கு வாழைக்காய்ப் பொரியல்! துப்புரவு செய்கிற பெண் வந்து மூக்கைப் பொத்தினாள். பிறகு மனேஜர் வந்தான். இது என்ன மதம், எலி வரும், சுகாதாரப் பகுதிக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினான். உன்னுடைய பேய்க்கு எலியைக் கண்டால் பயமா என்று நான் திருப்பிக் கேட்டேன். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அக்கா இலையை மடித்து எடுத்துக்கொண்டு, “சாப்பிட்டிருக்கும்” என்றாள்.

மசாசூசெட்ஸ் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒன்பது மணித்தியால ஓட்டம். முதல்நாள் மோட்டலில் படுத்துவிட்டுக் காலையிலேயே போனோம். வழிகாட்டி பழங்காலச் சட்டை போட்ட ஒரு கிழவி. நெஞ்சில் கைவைத்துக் கதை சொன்னாள். கப்பல்காரன் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. பெண்சாதி மேல்மாடி ஜன்னலில் நின்று நாற்பது வருடம் பார்த்திருந்தாள், அங்கேயே செத்தாள், இன்றைக்கும் நிற்கிறாள். எங்களோடு வந்த ஒரு இளஞ்சோடி, எவ்வளவு அழகான காதல் என்று பெருமூச்சு விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிசி நாற்பது வருடம் நின்ற நிலையில் உருகிச் செத்திருக்கிறாள், இதுகளுக்கு அது காதலாம், அழகாம்.

அக்கா என் கையைச் சுரண்டினாள். “கேள். கப்பல் தாண்டது அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். கிழவி முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி. கப்பல் மூழ்கிய செய்தி அடுத்த வருடமே ஊருக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும். அவளின் சொந்தச் சகோதரனுக்குக்கூடத் தெரியும். அவளிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.”

இதை நான் தமிழில் அக்காவுக்குச் சொல்லவேண்டும். எல்லாருக்கும் தெரியுமாம், சொல்லேல்லையாம் என்று சொன்னேன். சகோதரனை விட்டுவிட்டேன்.

“பிரதர் எண்டும் ஏதோ சொன்னவ” என்றாள் அக்கா.

பின்வளவில் கடலைப் பார்த்த ஒரு வாங்கு இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். ஒரு பார்சலை எடுத்து இலையை விரித்து ஒரு பக்கத்தில் வைத்தாள். அது ஜன்னல்காரிக்கு. பிறகு இன்னொன்றை எடுத்தாள். அதில் மரக்கறி மட்டும் இல்லை, பொரித்த சூடை மீனும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது.

“மற்றது ஆருக்கு?”

“அத்தானுக்கு.”

உயிரோடு இருக்கிற மனிசனுக்கு எங்கள் ஆட்கள் இலை போட்டுப் படைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்தது அப்போது தானாக வெளியே வந்தது. “அக்கா, ஜேர்மனியிலையிருந்து ஒருத்தர் எடுத்தவர்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப்பிள்ளை போல அழுதுகொண்டு சொன்னேன். அவள் அழவில்லை.

“தெரியும். அந்தாள் முதல் எனக்குத்தான் எடுத்தது. நான் ஆரெண்டு சொன்னதும் கொஞ்சநேரம் பேசாமல் நிண்டிட்டு, தம்பியின்ரை நம்பரைத் தாங்கோ அக்கா எண்டு கேட்டுது. எனக்குச் சொல்லேலாத செய்தி வேறை என்ன இருக்கு?”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நான் எப்பிடியடா கேக்கிறது? கேட்டால், நீ ஓம் எண்டு சொல்லிப்போடுவாயே.” இலையின் ஓரத்தைக் காற்று தூக்கியது. உள்ளங்கையால் அமத்திப் பிடித்தாள். “ஆனால் நீயாய்ச் சொன்னால் தாங்கலாம் எண்டு நினைச்சன். வீட்டிலை உனக்கு ஆயிரம் சோலி. வானுக்குள்ளை எண்டால் நானும் நீயும்தானே. உந்தப் பேயளைப் பாக்கவே வந்தனான்? ஒவ்வொருக்காலும் ஏறேக்கை, இண்டைக்குச் சொல்லுவான் எண்டு நினைச்சுக்கொண்டு ஏறுவன். நீ வெள்ளைக்காரனைப் பேசிப் பேசியே வீட்டை கொண்டுவந்து இறக்கிவிடுவாய்.”

அவ்வளவு தூரமும் அவர்களை எள்ளி நகையாடியதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்ததை நினைக்க, என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அக்கா மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையைச் சோற்றின் மேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சரி, இப்ப சொல்லு. அவர் கடைசியாய் என்ன கேட்டவராம்? தண்ணி ஏதும் கேட்டவரோ?”

ரிசீவரை வைத்துவிடுகிற அவசரத்தில் நான் அந்த மனிதரிடம் அதைக் கேட்கவேயில்லை.