ஒன்பது கிலோவுக்குள் கச்சாப்பா

என் தம்பி எடிக்சன் ரொட்டி சுடுகிறவன். பார்கிசிமேத்தோவில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நான்கு நாள் மின்சாரம் இல்லாத வாரத்தில் விறகு மூட்டி ரொட்டி சுட்டு, ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவன் அவன். ஆறாவதோடு பள்ளியை விட்டு அவனை வளர்த்தவள் நான். அதனால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். அடிக்கிறேன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி யோர்லெத், மகள் அரான்சாவோடு சிலே நாட்டுக்குப் போனாள். எட்டு நாள் பேருந்துப் பயணம். வீட்டு நாயைக் கொண்டுபோக வழியில்லை. அரான்சாவுக்கு அப்போது ஐந்து வயது. சோள அப்பத்தின் நிறத்தில் இருக்கிறதென்று அந்த அப்பத்தின் பெயரையே, கச்சாப்பா என்று, அந்த நாய் குட்டியாக இருந்தபோது வைத்தவள் அவள்தான். பேருந்து நிலையத்தில் அவள் அழவில்லை.

"அப்பா, நீ வரும்போது கச்சாப்பாவும் வரணும். இல்லன்னா நீயும் வராத" என்றாள். எடிக்சன் தலையாட்டினான்.

தனியாகச் சாலை வழியே கிளம்பியிருந்தால் எட்டு மாதம் முன்பே அவன் போயிருக்கலாம். நாயோடு மலையையும் பாலைவனத்தையும் கடக்க முடியாது என்று, விமானச் சீட்டுக்காக இரண்டு பேக்கரிகளில் வேலை பார்த்தான்.

விமானத்தில் நாயும் அதை வைக்கும் பையும் சேர்ந்து ஒன்பது கிலோதான் இருக்கலாம். மீறினால் ஏற்ற மாட்டார்கள். சரக்கறையிலும் விலங்குகளுக்கு இடமில்லை.

கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது என் தொழில். பையை நானே தைத்தேன். அடியில் மெல்லிய பலகை, அதன்மேல் நுரை மெத்தை, மேலே வலை மூடி, மூடியைச் சுற்றித் தோல் விளிம்பு, விளிம்பில் சிவப்பு நூலில் அரான்சாவின் பெயர். ஒவ்வொன்றையும் சீஸ் கடை எரிபெர்த்தோவின் தராசில் நிறுத்தேன். பை ஒரு கிலோ நூறு கிராம். நாய்க்கு ஒன்றரை மாதம் அளந்து சோறு போட்டு, ஏழே முக்காலுக்கு இறக்கினேன். நூற்றைம்பது கிராம் மிச்சம் இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் அவனை வழியனுப்பத் தெருவே வந்து சாப்பிட்டது. 'எதுவும் கொடுக்காதீர்கள்' என்று அட்டை எழுதி நாயின் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

"என்னம்மா, அட்டை மாட்டியிருக்கீங்க, விலை போடலையே?" என்றார் எரிபெர்த்தோ.

"உங்க கை சும்மா இருக்கணும்னுதான் மாட்டியிருக்கேன்."

விடியலில் பேருந்து ஏறி, முற்பகலில் விமான நிலையம் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பெண் தடுப்பூசி அட்டை, மருத்துவரின் சான்று, அனுமதித் தாள், எல்லாவற்றின் மும்மூன்று நகல்களையும் புரட்டினாள்.

"எவ்வளவு அழகா அடுக்கியிருக்கீங்க, தங்கம்! பையைத் தராசுல வைங்க."

ஒன்பது கிலோ நானூற்றறுபது.

"உங்க தராசு தப்பு" என்றேன்.

"காலையிலேருந்து எல்லாப் பெட்டியும் இதுலதான் ஏறிச்சு, அம்மா. கவுண்டர் மூட இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நாயை வீட்டுக்கு அனுப்புங்க, இல்ல இவரும் போக முடியாது."

வரிசையை விட்டு விலகினோம். எடிக்சனின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"எல்லாம் அந்த எரிபெர்த்தோ வேலை" என்றேன்.

"அவர் மட்டும் இல்லக்கா. நானும் ரெண்டு துண்டு கறி போட்டேன். என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு."

காலையில் பேருந்தில் என் அரேப்பா ரொட்டியில் பாதியை, சீஸோடு, நானும் கொடுத்திருந்தேன்.

ஒன்றுக்குப் போனால் கொஞ்சம் எடை குறையும் என்று நாயை வெளியே கூட்டிப்போனோம். கார்களின் சத்தத்தில் அது நடுங்கியபடி உட்கார்ந்துகொண்டது. ஆறு நிமிடம் போனது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

எடிக்சன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாய் இல்லாமப் போய் அவ முன்னாடி எப்படி நிப்பேன்? நான் போகலக்கா."

"எந்திரி. பையைக் குடு."

என் கைப்பையில் தையல் பிரிக்கும் கத்தி எப்போதும் இருக்கும். கவுண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தேன். பலகையை உருவினேன்: இருநூற்றெண்பது. மெத்தையை எடுத்தேன்: நூற்றுப்பத்து. எடையெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னும் எழுபது கிராம் குறைய வேண்டும். மிச்சம் இருந்தது தோல் விளிம்பு மட்டும்தான்.

"அது வேணாம்க்கா. பதினோரு நாள் தைச்சே."

"பிரிக்க ரெண்டு நிமிஷம்தான்."

இரட்டைத் தையல். லேசில் விடவில்லை. கத்தி நழுவி விரலைக் கிழித்தது. மேலே ஒலிபெருக்கி அவனுடைய விமானத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. விளிம்பு கையோடு வந்ததும் வலை தொங்கியது.

"மூடி இல்லாம ஏத்த முடியாது" என்றாள் கவுண்டர்க்காரி. "ஏழு நிமிஷம் இருக்கு."

எடிக்சன் நாயை உள்ளே வைத்தான். கிடைத்த நூலில், கோணி தைப்பதுபோல் பெரிய பெரிய தையலாக வலையைப் பையோடு இழுத்துக் கட்டினேன். அவன் பையைத் தூக்கித் தராசில் ஏற்றினான். எண் ஒன்பதைத் தாண்டிப் போனது. நாய் அசைந்துகொண்டிருந்தது.

"கச்சாப்பா, சும்மா இரு" என்றான். அது படுத்தது.

எட்டு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

"ஓடுங்க!" என்று அவள் சீட்டை நீட்டினாள். அவன் ஓடினான். பாதி தூரம் போனவன் திரும்பி வந்து, தடுப்புக் கயிற்றுக்கு மேலே தலையை நீட்டினான்.

"ஆசீர்வாதம் குடு, அக்கா."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். ஓடுடா!"

ஞாயிற்றுக்கிழமை அரான்சா போனில், வீடியோவில் கூப்பிட்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. கச்சாப்பா அவள் மடியில் கிடந்தது, பை பக்கத்தில் இருந்தது.

"அத்தை, இது நீங்க தைச்சதாமே? அப்பா ஊரெல்லாம் சொல்றாரு. மூடி ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

பின்னால் நின்ற எடிக்சன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு அவ்வளவுதான்டி தைக்கத் தெரியும்."

"பரவால்ல அத்தை" என்றாள். "கச்சாப்பா இதுக்குள்ளதான் தூங்குது."