சமதரையில் செய்த சூப்பர்சார்ஜர்

பெருநாள் சட்டை ஒன்றுக்கான துணியை மேசையில் விரித்து, சோக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சாரன் துணியில் சுற்றிய பாரமான ஏதோ ஒன்றைத் தூக்கி வந்து அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே வைத்தார். மேசை ஆடியது.

"எண்ணெய் பட்டா நான் என்ன பதில் சொல்ற?" என்று கத்தினேன்.

"கொஞ்சம் பொறு புள்ள. இதைப் பார்த்திட்டு மறுகா ஏசு."

சாரனைப் பிரித்தார். உள்ளே ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் பெல்ட் மாட்டுகிற சக்கரம். அதைக் கையால் சுற்றினார். பெட்டிக்குள் இரண்டு முறுக்கிய உருளைகள் ஒன்றையொன்று உரசாமல் சுழன்றன. கீழேயிருந்த துவாரத்தில் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். காற்று உள்ளங்கையை முட்டித் தள்ளியது.

"சூப்பர்சார்ஜர்" என்றார், பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் போல.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குகிற வான் வண்டி ஒன்றில் அது இருந்ததாம். எஞ்சின் தன்பாட்டில் இழுக்கிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு. இந்தப் பெட்டி எஞ்சினின் சுழற்சியிலேயே ஓடி, அந்த அளவுக்கு மேலும் காற்றை அமுக்கித் திணிக்கும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடுதலாக எரியும். அதே எஞ்சின் இன்னொரு எஞ்சினாகிவிடும். அவர் சொன்னது அவ்வளவும் எனக்கு உடனே விளங்கிற்று. உள்ளங்கையில் பட்ட காற்று மிச்சத்தைச் சொல்லிவிட்டது.

எங்கள் வீடு கல்முனைப் பெரிய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. முன்பக்கம் அவருடைய கராஜ், பக்கத்து அறையில் என் தையல். கராஜின் மூலையில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் நின்றது. எஞ்சின் இல்லாத வெறும் கோதாக வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, ஜப்பான் பிக்கப் ஒன்றின் எஞ்சினை வைத்திருந்தார். அவருக்கு அது ஹொட் ரொட், வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார். அவருடைய உம்மாவுக்கு, என் மாமிக்கு, அது கூரை அமுங்கின கார். மலைநாட்டில் கார்கள் ஒவ்வொன்றாக மலை ஏறுகிற போட்டி ஒன்றை அவர் ஒருமுறை வீதியோரத்தில் நின்று பார்த்திருந்தார். அன்றிலிருந்து அந்தக் காரை அங்கே ஏற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ஏற்றம் என்று சொல்வதற்கு ஒரு பாலம்தான் உண்டு.

அந்த எஞ்சினுக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டையும் இணைக்க ஒரு தாங்கி வேண்டும். பெட்டியிலிருந்து காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோக ஓர் அலுமினியக் குழாய்ப் பெட்டி வேண்டும். கராஜ்காரர்கள் அதை மெனிபோல்ட் என்பார்கள். எதுவும் கடையில் கிடையாது. அவர் அளவு நாடாவோடு காருக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு கிழமை நின்றார். வரைவார், தகட்டை வெட்டுவார், பொருந்தாது, ஓரமாக எறிவார்.

ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டு போனபோது, அந்தக் குவியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"நீங்க ஆளை நிக்க வெச்சி அளக்காம, தூரத்தில நிண்டு சட்டை வெட்டுறீங்க. வளைஞ்ச இடத்துக்கு நாடாவால அளவு எடுக்க ஏலுமா? மட்டையை வெச்சி வெட்டுங்க."

பிஸ்கட் பெட்டி மட்டைகளைக் கொண்டுவந்தேன். எஞ்சினின் பக்கத்தில் மட்டையை அமர்த்தி, போல்ட் துவாரங்கள் இருக்கும் இடங்களை விரலால் அமுக்கிப் பதித்தேன். சட்டையில் கைக்குழி வெட்டுவதைப் போல வளைவுகளை வெட்டினேன். சூப்பர்சார்ஜர் பெட்டியை மேலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, இடைவெளியை மட்டையால் மூடிக்கொண்டே வந்தேன். மாலைக்குள் மெனிபோல்ட் முழுவதும் மட்டையில் உருவாகி, காருக்குள் உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு, "நீ இனி என்ட சட்டையத் தைக்க வாணாம், இதைத் தை."

அலுமினியம் ஒட்டுவதற்குப் பாண்டிருப்பிலிருந்து அவருடைய சிநேகிதர் வந்தார். வெல்டிங் பாஸ். கடலுக்குப் போகிற வள்ளங்களின் எஞ்சின்களை ஒட்டித் திருத்துகிறவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணன் என்பேன். என் மட்டைகளைத் தகட்டில் வைத்துக் கீறி, வெட்டி, அழகாக ஒட்டினார். ஆறியதும் எஞ்சினில் வைத்துப் பார்த்தோம். துவாரங்கள் சந்திக்கவில்லை. விளிம்பு வாழைமடல் போல வளைந்திருந்தது.

"அலுமினியம் சூட்டில இழுத்துப் போடும் தங்கச்சி. எவ்வளவு இழுக்குமெண்டு எனக்கே சொல்லேலாது" என்றார் கவலையாக.

"புதுச் சீத்தைத் துணியும் தண்ணியில போட்டாச் சுருங்கும் அண்ணன். நாங்க கூட விட்டுத்தான் வெட்டுற."

மூன்று பேரும் முகத்தை முகம் பார்த்தோம். அடுத்த தடவை விளிம்புத் தகட்டைக் கொஞ்சம் கூட விட்டு வெட்டினோம். அதை ஒரு தடித்த இரும்பில் போல்ட் போட்டு இறுக்கி, அசையாமல் வைத்து அண்ணன் ஒட்டினார். ஆறின பிறகுதான் துவாரங்களைத் துளைத்தோம். எஞ்சினில் வைத்தபோது போல்ட்கள் கையாலேயே இறங்கின. அந்தச் சத்தமில்லாத இறக்கம் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை எந்தக் கல்யாணச் சட்டையும் கொடுத்ததில்லை.

முதல் தடவை இயக்கியபோது கராஜ் முழுவதும் ஒரு மெல்லிய ஊளை கேட்டது. என் கணவர் பெற்றோலைக் கூட்டினார். ஊளை ஏறியது. திடீரென்று பெல்ட் கழன்று பறந்து கூரைத் தகட்டில் அடித்து விழுந்தது. மாட்டினோம். மறுபடியும் பறந்தது. புது பெல்ட் போட்டோம். அதுவும் நாராகக் கிழிந்தது. பெல்ட் சரியில்லை என்றார் அண்ணன். சக்கரம் சரியில்லை என்றார் என் கணவர். இரண்டு பேரும் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் தையல் நூலை எடுத்து, மேல் சக்கரத்தின் முகத்திலிருந்து கீழ்ச் சக்கரத்தின் முகம் வரை இழுத்துப் பிடித்தேன். நூல் இரண்டிலும் சரியாக ஒட்டியது. நேராகத்தான் இருந்தது. "இப்ப பெல்ட்ட இறுக்குங்க" என்றேன். இறுக்கினார். நூலுக்கும் மேல் சக்கரத்துக்கும் இடையில் நகம் போகிற இடைவெளி விழுந்தது. பெல்ட் இழுக்க, தாங்கி வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

"தாங்கிக்குக் கால் காணாது" என்றார் அண்ணன். அன்றே மூன்றாவது கால் ஒன்றை ஒட்டி, எஞ்சினின் அடியோடு சேர்த்துக் கட்டினார். அதன் பிறகு பெல்ட் பறக்கவே இல்லை.

காரை நற்பிட்டிமுனைப் பக்கம், வயல் நடுவே போகிற நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். இவர் முன் மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஆசனத்திலிருந்து எஞ்சினை எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால், கராஜுக்கு வரும் வண்டிகளில் பழகியிருந்த நான் ஓட்டினேன்; அண்ணன் பின்னாசனத்தில் இருந்தார். ஒருதரம் காலைச் சட்டென்று அமுக்கிவிட்டேன். படாரென்று ஒரு வெடி. வாடிக் குடிசையில் இருந்த வயல்காரர்கள் எழும்பி ஓடிவந்தார்கள்.

"ஆனை எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஒருவர். ஆனையை விரட்டப் போடுகிற ஆனைவெடி என்று நினைத்துவிட்டார்கள்.

எஞ்சினுக்குள் எரிய வேண்டியது திரும்பி மெனிபோல்ட்டுக்குள் வெடித்திருந்தது. அண்ணன் ஒட்டிய மூட்டு ஒன்று பிளந்து கிடந்தது. காரை உழவு மெஷினில் கட்டி இழுத்து வந்தோம். வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வந்தவர் அண்ணன்தான். "நெல் அவிக்கிற மில்லில, ஆவி கூடினா மூடி தானா எழும்பி விடுமே. அப்பிடி ஒண்டு இதுக்கும் வைப்பம்" என்றார். மெனிபோல்ட்டின் மேல் ஒரு சின்ன மூடி, அதை அமுக்கிப் பிடிக்க ஸ்பிரிங்குகள். எந்த ஸ்பிரிங் என்று பார்க்க ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டினோம். கடைசியில் சரியானது கிடைத்தது. பிறகு வெடித்தால் மூடி ஒரு தும்மல் தும்மிவிட்டுத் தானாக உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அன்றைக்குப் பிறகு என் காலுக்கு அது தும்மவே இல்லை. தையல் மெஷினை மெல்ல மெல்ல மிதித்துப் பழகிய கால். பெற்றோலையும் அப்படியே கொடுத்தேன். எஞ்சின் இருமாமல், தடுமாறாமல், அந்த ஊளையை மட்டும் உயர்த்திக்கொண்டு போகும். முதுகு ஆசனத்தோடு ஒட்டும். இவர் ஓட்டினால் இரண்டு தும்மலாவது வரும்.

ஒருநாள் அவரே சொன்னார்: "போட்டியில நீதான் ஓட்டணும்."

"விசரா உங்களுக்கு?"

"எஞ்சின் உன்ட காலுக்குத்தான் கேக்குது. நான் என்ன செய்ய?"

மாமியிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "ஆம்புளயளும் வருவாங்களா?" என்றார். ஓம் என்றேன். "முன்னுக்கு வாற எண்டாப் போ மகள். பின்னுக்கு வாறதுக்கெண்டா அவ்வளவு தூரம் போக வாணாம்."

காரை லொறியில் ஏற்றி, அம்பாறை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறி மலைநாட்டுக்குப் போனோம். குளிரில் என் விரல்கள் விறைத்தன. உயரத்தில் காற்று மெலிந்திருந்ததால் அங்கே வந்திருந்த மற்றக் கார்கள் சோர்ந்து இருமின. எங்களுடையதற்குத்தான் காற்றை அமுக்கிக் கொடுக்க ஆள் இருந்ததே. இவர் காபரேட்டரில் பெற்றோலை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

பழைய வாகனங்களுக்கான பிரிவில் ஓட்டுவதற்கு நான் மட்டும்தான் பெண். தலைத்துணிக்கு மேல் தலைக்கவசத்தை மாட்டியபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கொடி பிடித்தவர் கையை உயர்த்தினார். "பிஸ்மில்லாஹ்" என்று காலைக் கொடுத்தேன்.

ஊளை தேயிலைச் சரிவில் மோதித் திரும்பி வந்தது. முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது, பிடித்தது. இரண்டாவது வளைவுக்கு மேல் ரோட்டுக்கு வானம்தான் எல்லை. சமதரையில் வளர்ந்த எனக்கு முன்னால் ரோடு எழும்பி நிற்பது போலிருந்தது. காலை எடுக்க மனம் சொன்னது. எடுக்கவில்லை. எஞ்சின் இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று தந்துகொண்டே இருந்தது. கடைசி வளைவில் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஏறிய கார்கள் எல்லாம் மேலேயே காத்திருக்க வேண்டும். தெரியாத ஆட்களுக்கு நடுவில், மூடுபனிக்குள் நின்றேன். ஒலிபெருக்கியில் சிங்களத்தில் நேரங்களைச் சொன்னார்கள். எனக்குச் சிங்கள இலக்கங்கள் விளங்கும். எங்கள் பிரிவில் ஏறிய ஒவ்வொருவரின் நேரமும் என்னுடையதை விடக் கூடுதலாகவே வந்தது. கடைசிக் காரும் ஏறி முடிந்ததும் கல்முனை என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற வயதான ஓட்டுநர் ஒருவர் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ரோட்டைத் திறந்ததும் இவரும் அண்ணனும் ஓடி ஏறி வந்தார்கள். இவருக்கு மூச்சு வாங்கியது. காரின் மூடியில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. அண்ணன்தான் கத்தினார்: "தங்கச்சி, முதலாவது! நாங்கதான் முதலாவது!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "பின்னேரம் இன்னொருக்கா ஏற விடுவாங்களாமே, உண்மையா?"

உண்மைதான். பின்னேரம் மூடுபனி விலகியிருந்தது. இரண்டாவது தடவை நான் அதைவிட வேகமாக ஏறினேன்.