பச்சோந்திக் கூண்டில் யார் கை வைத்தது?

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராஜபாளையம் ரோட்டிலும் சிவகிரி ரோட்டிலும் எந்த நிறுத்தத்தில் வேண்டுமானாலும் ஏறுவேன். என்னைக் கண்டதும் வயலையே அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்புகிறவன் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். வேலை போனது, குணம் போகவில்லை. பால்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைப்பேன். "சாமியே நேருல வந்தாலும் டிக்கெட் எங்கன்னு கேப்பீங்க" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவன் வீட்டு மாடியறையில் ஒரு பச்சோந்தியும் பூச்சி தின்னும் செடியும் ஒரே கூண்டுக்குள் குடித்தனம் நடத்தின. இரண்டையும் நான் நம்பவில்லை.

இரண்டும் மகள் வளர்த்தவை. பச்சோந்தி நம் ஊர் வேலியில் பிடித்தது அல்ல, அப்படிப் பிடித்து வளர்ப்பது குற்றம். இது ஏமன் நாட்டு இனம், முறையாகப் பதிவு செய்து வாங்கியது. அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். ஆள் உயர வலைக் கூண்டில் மகள் கிளைகளைக் கட்டி, விளக்கு மாட்டி, நடுவில் தொட்டியோடு ஒரு குடுவைச் செடியைத் தொங்கவிட்டாள். அதன் ஒவ்வொரு இலை நுனியிலும் மூடி போட்ட சின்னச் செம்பு மாதிரி ஒரு குடுவை தொங்கும். விளிம்பில் வந்து உட்காரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுந்தால் அவ்வளவுதான். இரண்டுக்கும் ஈரம் வேண்டும், அதனால் ஒன்றாக வைத்தேன் என்றாள் மகள். பச்சோந்திக்காக நான் விடும் சிள்வண்டில் ஒன்றிரண்டைச் செடி அமுக்கிவிடுவதைப் பார்த்தபோது, ஈரம் மட்டும்தான் காரணமா என்று யோசித்தேன். பச்சோந்தியோ ஒரு கண்ணால் செடியையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது. சர்வீஸில் இருந்தபோது எனக்கு அப்படி இரண்டு கண் இருந்திருக்கலாம்.

மகள் தன் விருப்பப்படி ஒருவனைத் திருமணம் செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போனாள். மனைவி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள் வரும்போது அடுக்களைக்குள் போய் இல்லாத பாத்திரத்தை எல்லாம் கழுவுவாள். மாடியறையைப் பற்றிப் பேச்செடுத்தால், "வேலில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு. நீங்களே பாத்துக்கிடுங்க" என்பாள். தினமும் காலையில் இரண்டுக்கும் நான்தான் தண்ணீர் தெளித்தேன்.

அப்போதுதான் செடி வாட ஆரம்பித்தது. இலை ஓரம் கருகியது. இருந்த குடுவைகள் காய்ந்தன, புதிதாக ஒன்றும் வரவில்லை. வீடியோவில் செடி தெரியாமல் பச்சோந்தியை மட்டும் காட்டினேன். ஆனால் மகள் என் மகள்.

"யப்பா, போனை இடது பக்கம் திருப்புங்க. என்ன தண்ணி ஊத்துதீங்க?"

"நீ சொன்ன மாதிரி வடிகட்டுத மிஷின் தண்ணிதான்."

"மண்ணு எதுவும் பட்டுச்சா? மண்ணே ஆகாதுப்பா அதுக்கு. சத்தில்லாத எடத்துல பொறந்த செடி, அதனாலதான் பூச்சியப் பிடிச்சுத் திங்குது. நல்ல மண்ணு பட்டா வேரு கருகிரும்."

பேசி முடித்ததும் தொட்டியில் விரலை விட்டேன். தேங்காய் நாரும் பாசியும் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில், பாசிக்கு அடியில் நைசான செம்மண். யாரோ போட்டு, மேலே பாசியை ஒழுங்காக மூடியிருந்தார்கள். நேற்று போட்டதுபோல ஒரு அடுக்கு, அதற்கடியில் பழையது ஒன்று.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் போடவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், ஆனால் இந்தப் பச்சோந்தி வாயைத் திறந்தால் நாக்குதான் வந்தது, சாட்சி வரவில்லை. செடி பட்டுப்போனால் இன்னொன்று வாங்கலாம். மகள் மேல் இருக்கிற கோபத்தில் பெற்றவளே அதைக் கொன்றாள் என்றால், அப்புறம் அந்த இரண்டு பேரையும் இந்தப் பிறவியில் சேர்த்துவைக்க யாராலும் முடியாது. அதற்குத்தான் பயந்தேன்.

நேரில் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். திடீர்ப் பரிசோதனைதான் என் வழி. வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம் என்று சொல்லி, வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பினேன். பஸ் ஏறி, ஊர் எல்லையில் இறங்கி, நடந்தே திரும்பினேன். தேர் வீதிக்குள் நுழைந்தபோது மனைவி எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அம்மாளோடு கோவிலுக்குப் போகிறவள், வியாழக்கிழமை தனியாகப் போனாள். பின்னாலேயே போய், கோவில் வாசல் பூக்கடை மறைவில் நின்றேன்.

கோவில் வாசலில் பாம்பு, தேள், பல்லி உருவம் அடித்த தகடு விற்பார்கள். வீட்டில் எந்த விஷ ஜந்து தொல்லையோ அதன் உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டால் அது வீட்டை விட்டுப் போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மனைவி அந்தக் கடையில் குனிந்தாள்.

"பச்சோந்தி இருக்கா?"

"அதெல்லாம் யாரு கேக்கா, அக்கா? பல்லி இருக்கு, கொண்டு போங்க. சாமிக்குத் தெரியும்."

அவள் பல்லியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மகள் விட்டுப்போன உயிரை வீட்டை விட்டு ஓட்டத் தகடு போடுகிறாள்! இனி விசாரிக்க என்ன இருக்கிறது?

அவளுக்குப் பின்னாலேயே வீடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறினேன். கூண்டுக் கதவு திறந்திருந்தது. மனைவி கையில் கோவில் புற்று மண் பொட்டலம். பாசியை விலக்கி, மண்ணைப் பொடித்துத் தூவிக்கொண்டிருந்தாள். பச்சோந்தி மேல்கிளையில் இருந்தது. அதை அண்ணாந்து பார்த்து, "சாமி, சங்கரா, இதுக்குத் தோலு சரியாயிரணும்" என்றாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "கல்யாணத்துக்குப் போகல?"

"அது கெடக்கட்டும். எதுக்கு மண்ணு?"

"ஒங்களுக்குக் கண்ணு இல்லையா? இதுக்கு ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளையா உரியுது. அவளுக்குச் சின்னதுல வந்துச்சுல்லா, அதே மாதிரி. அப்பவும் இந்த மண்ணுதான் பூசுனேன், கேட்டுச்சு. இதத் தொடப் பயமா இருக்கு. எந்நேரமும் அந்தச் செடிமேலதான கெடக்கு, மண்ணு அங்கன கெடந்தா இதும்மேல படும்லா."

"தகடு போட்டியே, அது?"

"பின்னால வந்தீங்களாக்கும்!" என்று முறைத்தாள். "எல்லாரும் போகணும்னு போடுதாங்க. நான் இருக்கணும்னு போட்டேன். அவ வரும்போது இது இல்லைன்னா என்ன சொல்ல?"

தோல் உரிப்பது பச்சோந்தியின் வழக்கம் என்று மகள் என்னிடம்தான் சொல்லியிருந்தாள். அந்த அறையை எட்டிப்பார்க்காதவளிடம் அதை எதற்குச் சொல்ல? ஆனால் நான் வெளியே போகும்போதெல்லாம் அவள் மாடி ஏறியிருக்கிறாள். மண்ணால்தான் செடி வாடுகிறது என்று மெதுவாகச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான்தான் கொன்னேனா?"

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. செடியைப் பிடுங்கி, வேரை அலசி, புது நாரில் வைத்தோம். தேறுமா என்று தெரியவில்லை. "வெயிலு தாங்கலைன்னு சொல்லிருவோம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள் வந்தாள். "இந்த வருஷம் வெயிலு..." என்று நான் ஆரம்பித்தேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்த மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஒங்கப்பா பொய் சொல்லுதாங்க. செடியில மண்ணு போட்டது நான்."

"ஏம்மா போட்ட?" என்றாள் மகள்.

"தோலு உரிஞ்சுச்சு. ஒனக்கு வந்த மாதிரியே."

"அது சீக்கு இல்லம்மா. வளருது. வளந்தா பழைய தோலக் கழட்டிரும்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குந்தாம்மா இங்க குளிருல கையெல்லாம் உரியுது. கோவில் மண்ணு கொஞ்சம் அனுப்பி விடுதியா?"

"கையக் காட்டு" என்றாள் மனைவி. மகள் காட்டினாள். மனைவி கண்ணாடி போட்டிருக்கவில்லை, கண்ணிலும் தண்ணீர். "ஐயோ, ஆமா, இப்படிக் கெடக்கே!" என்றாள்.

நான் கண்ணாடி போட்டிருந்தேன். கை வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மகள் திரையில் என்னைப் பார்த்தாள், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நடை சாத்திருவாங்க, வண்டிய எடுங்க" என்றாள் மனைவி.

நான் ஒன்றும் கேட்காமல் சாவியைத் தேடினேன்.