செல்லையா அங்கிள் வரைந்த அப்பா

கரித்தூளும் தலைமுடி ஸ்பிரேயும் கலந்த நெடி என்றாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் யார் இறந்தாலும் படம் வரைந்து கொடுப்பவர் செல்லையா அங்கிள். கரி உதிராமலிருக்கப் படத்தின்மேல் ஸ்பிரேயை அடித்துவிட்டு, உயிரையே ஊதிவிட்டவர்போல் இரண்டடி பின்னால் நகர்ந்து தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வார். ஓவியராம்! அவருக்கு வந்ததெல்லாம் ஒரே மூக்கு, ஒரே உதடு, ஒரே கோட்டு. செத்துப்போன எங்கள் வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் அவர் கையில் அண்ணன் தம்பிகளாகிவிட்டார்கள்.

எனக்குப் பத்து வயது, தம்பி கைக்குழந்தை. லோரி ஓட்டிய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்லையா அங்கிள் படத்தோடு வந்தார். வெயிலில் கறுத்த அப்பா அதில் வெளுத்திருந்தார். வாழ்நாளில் தொடாத கோட்டு போட்டிருந்தார். லோரிச் சங்கிலி அறுந்து அடித்ததில் இடது கன்னத்தில் விழுந்த நீளத் தழும்பைக் காணவே இல்லை.

"அப்படியே உயிரோட இருக்காரு லா!" என்று வந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

"இது எங்கப்பா இல்ல. தழும்பு எங்க அங்கிள்?" என்றேன்.

"ஆர்ட்னா குறைய மறைக்கணும் பாப்பா. உனக்கு என்ன தெரியும்?"

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து, இன்னும் கண்ணாடி போடாத அந்தப் படத்தில் கண்ணோரத்திலிருந்து தாடைவரை ஒரு கோடு இழுத்தேன். கோணல்தான். பெரியப்பா பளாரென்று அறைந்தார். செல்லையா அங்கிள் ரப்பரோடு ஓடிவந்தார். அம்மா எழுந்துவந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிக்காதீங்கண்ணே. இப்பதான் அவரு மாதிரி இருக்கு."

அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை, அம்மாவும் இல்லை. போன தீபாவளிக்குச் செமினியில் தம்பி வீட்டுக்குப் போனேன். படத்தைக் கடையில் கொடுத்துக் கலர் ஏற்றி, பெரிதாக்கி மாட்டியிருந்தான். ரோஜா நிறக் கன்னத்தோடு யாரோ ஒரு முதலாளி சுவரிலிருந்து சிரித்தார்.

"பழசு பூஞ்சை புடிச்சிருச்சுக்கா, வீசிட்டேன். கன்னத்துல எவனோ கிறுக்கி வச்சிருந்தான், அதையும் எடுக்கச் சொல்லிட்டேன். நல்லாருக்கா?"

அப்பாவுக்குத் தழும்பு இருந்ததை அவனுக்கு நாங்கள் யாருமே சொல்லவில்லை. தம்பி பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்குடா" என்றேன். அன்று அந்த வீட்டில் செல்லையா அங்கிளைவிடக் கேவலமான ஆள் நான்தான்.