சிமெண்டுப் பெண்களின் நடவு

மன்னார்குடி, ஆடி வெள்ளி, காலை பத்து பத்து. பஸ் வர நேரமிருக்கிறது. எதிரிலுள்ள நகராட்சிப் பூங்காவுக்குள் போகிறேன். கறுப்பு சிவப்புத் தோரணம் கட்டுகிறார்கள். குனிந்து நாற்று நடும் மூன்று சிமெண்டுப் பெண்களை மாலையில் அமைச்சர் திறந்துவைக்கிறார். சிலைகளுக்குப் பின்னால் உண்மையான நாற்றையே நட்டிருக்கிறார்கள். முன்னால் வெறும் சேறு.

தண்ணீர் ஊற்றும் அஞ்சலை சிரிக்கிறார். ஏனென்று கேட்கிறேன்.

"இவங்க நட்டதை மிதிச்சுக்கிட்டா முன்னால வந்தாங்க, சார்? நாங்க பின்னால நகந்துல்ல நடுவோம்."

மேஸ்திரி அதட்டுகிறார்: "கூலி கூடக் கேட்டு மிராசுதார் வயல்ல வேலை போச்சு. வாயைக் குடுத்து இதையும் தொலைச்சுக்காத."

"சாயங்காலம் வர்ற சனமெல்லாம் நடவுக்காரங்கதான். அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

சென்னையிலிருந்து வந்த சிற்பி சிலைகளையும் சேற்றையும் மாறிமாறிப் பார்க்கிறார். "இவங்க சொல்றது சரிதான். பிடுங்கி முன்னால நட்டுத் தர்றீங்களாம்மா?"

அஞ்சலை புடவையைச் செருகிக்கொண்டு இறங்குகிறார். எதிர்க்கரையில் தொடங்கி, பின்னால் நகர்ந்து நகர்ந்து சிலைகளை நெருங்குகிறார். நாற்றைப் பிடுங்கிக் கொடுப்பவர் மேஸ்திரி. பத்து ஐம்பதுக்குக் கடைசி நாற்றை ஊன்றும்போது, சிமெண்டுப் பெண்கள் மூவரோடு அஞ்சலையும் ஒரே வரிசையில் குனிந்திருக்கிறார்.